நாடாத் தழும்பு

அடையாளம் போட்டாகிவிட்டது என்று ஒரு தாதியிடம் பொய் சொன்னேன். போடவில்லை. மறுநாள் காலை, அடையாளம் இல்லாத ஒரு வயிற்றில், என் கைக்குத் தோதான இடத்தில் கத்தி வைத்தேன். கிளேபாங் கடற்கரைச் சாலையோரத்தில் வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா அதற்குப் பிறகு தன் கடையை மூடினார். பல வருடங்கள் நாலு பேர் கூடும் இடத்துக்கே அவர் வரவில்லை. என் மனைவி உயிரோடு இருந்தவரை அவளிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

நான் குடல் அறுவை மருத்துவன். பெருங்குடல், மலக்குடல், ஆசனவாய், இவைதான் என் வேலை. ஒரு போதனை மருத்துவமனையில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். கல்யாண வீடுகளில் யாராவது "நீங்க எதுக்கு டாக்டர்?" என்று கேட்டால் "வயிறு" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்ப்பேன். ஒருமுறை என் மச்சான் ஒருவன் பந்தியிலேயே, "வயிறாம் வயிறு. மாமா வயித்துக்கு ரொம்பக் கீழ லா" என்றான். சோற்றில் கை வைத்திருந்த பத்துப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்குச் சாம்பார் இறங்கவில்லை.

மூக்கு பழகிவிடும் என்று மாணவர்களிடம் சொல்வேன். பழகாது. முகமூடியின் உள்பக்கம் நீலகிரித் தைலம் ஒரு சொட்டு தேய்த்துக்கொள்வேன். அது நாற்றத்தின் மேல் போர்த்திய துணி மாதிரி. கீழே இருப்பது இருந்துகொண்டேதான் இருக்கும். வீட்டுக்கு வந்து எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்ப்பேன். அறுவை உள்ள நாட்களில் பருப்பு கடையக் கூடாது என்பதை என் மனைவி கேட்காமலே தெரிந்துகொண்டாள்.

ஆனால் கை நல்ல கை. அதை மறைத்தால் அதுவும் பொய்யாகிவிடும். கட்டி எங்கே முடிகிறது, அதற்கும் ஆசனவாயின் தசை வளையத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை என் சுட்டுவிரல் சொல்லும். பிறகு எடுக்கும் ஸ்கேன் படத்திலும் அதுவே தெரியும். இடுப்பெலும்புக் கூட்டுக்குள் மலக்குடலைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதை ஒட்டிப் போனால் ரத்தமே வராது. வெங்காயத்தில் தோலுக்கும் சதைக்கும் நடுவே நகம் நுழைவதுபோல உள்ளே போகலாம். அரிசி மணியளவு தவறினாலும் ஆளுக்கு வாழ்நாள் முழுக்கச் சிறுநீர்த் தொல்லை. அந்தச் சவ்வை நான் தவறவிட்டதில்லை.

எனக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது மட்டும் வேறொரு விஷயம். ஆசனவாயையே எடுத்துவிட வேண்டிய நோயாளிக்குக் குடலின் முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைப்போம். ஸ்டோமா என்போம். அதன்மேல் ஒரு பை ஒட்டப்படும். மலம் அதில் சேரும். அந்த ஓட்டையை எங்கே வைப்பது என்பதை அறுவைக்கு முந்தின நாளே முடிவு செய்ய வேண்டும். நோயாளியை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்துப் பார்த்து, மடிப்பு விழாத இடத்தில் மையால் குறிக்க வேண்டும். வெள்ளைக்காரர்களின் பாடநூல்கள் கால்சட்டையின் பெல்ட் படும் இடத்தைத் தவிர்க்கச் சொல்லும். எங்கள் பெண்களுக்கு பெல்ட் ஏது?

என் அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது அவரைக் குளிப்பாட்டியது நான்தான். இடுப்பைச் சுற்றி ஒரு கறுத்த கோடு, தொட்டால் பள்ளம். ஐம்பது அறுபது வருடம் பாவாடை நாடா இறுகி இறுகி விழுந்த தழும்பு. அதற்குமுன் எத்தனையோ வயிறுகளில் அதைப் பார்த்தும் பார்க்காமலே இருந்திருக்கிறேன் என்று அன்று உறைத்தது. சேலை கட்டுகிறவர்கள், கைலி கட்டுகிறவர்கள் ஆகியோரின் கட்டுக் கோடுகளை வருடக்கணக்கில் குறித்து ஒரு கட்டுரை எழுதினேன். நாடாத் தழும்பின்மேல் ஸ்டோமா வைக்காதே என்பதுதான் அதன் சாரம். அந்தக் கட்டுரைக்காகப் பல நாடுகளுக்கு அழைத்தார்கள். அம்மாவின் இடுப்பைக் காட்டிக் கைதட்டு வாங்கினேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

இனி அந்த வடைக்கார அம்மாவைப் பற்றி.

மஸ்ஜித் தானா போகும் வழியில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பிறகு தங்கா பத்துவில் வீடு பார்த்துக்கொண்டு வந்தார். கணவர் இல்லை, ஒரே மகள். சாயங்காலம் கிளேபாங்கில் கூடாரம் கட்டி உளுந்து வடையும் பருப்பு வடையும் போடுவார். அவர் என்னைப் பார்க்க வந்தபோது ரத்தம் போக ஆரம்பித்து மாதங்கள் ஆகியிருந்தன. மூலம் என்று நினைத்து யாரோ சொன்ன கஷாயத்தைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

என் விரலுக்குக் கட்டி உடனே தட்டுப்பட்டது. தசை வளையத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எதையும் மிச்சம் வைக்க முடியாது. நேராகவே சொன்னேன். பின்பக்கம் மூடிவிடும், ஆயுசு முழுக்கப் பை.

அவர் அழவில்லை. சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒரே கேள்வி கேட்டார்.

"கடையில நிக்க முடியுமா டாக்டர்?"

"முடியும்மா."

"இல்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் விக்கிறது திங்கிற சாமான். ஒருத்தன் மூக்கைப் பொத்தினா போதும், அடுத்த நாளு கடை காலி."

"சரியான இடத்துல வச்சா பக்கத்துல நிக்கிற ஆளுக்கே தெரியாது. இடம் பார்க்கிறது என் வேலை. அதுக்குத்தான் எனக்குப் பேரே."

"அப்ப சேலையும் கட்டலாம்?"

"தாராளமா கட்டலாம்."

"சரி. அறுங்க," என்றார். மகள் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே, "இந்த டாக்டரு மொகத்தப் பாரு, நம்ம பக்கத்து மொகம்" என்றார். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். அவர் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டம்.

அந்த வாரம் எங்கள் துறையில் வெளிநாட்டு மருத்துவர்கள் பார்க்க ஒரு செய்முறைக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. நான் அறுவை செய்வேன், அது மண்டபத்துத் திரையில் ஓடும், அங்கிருந்து கேள்வி கேட்பார்கள், நான் செய்துகொண்டே பதில் சொல்வேன். இந்த அம்மாவின் இடுப்பு அகலமான இடுப்பு, சவ்வு நன்றாகத் தெரியும். அதனால் அவரைத் தேர்ந்தெடுத்தேன். காட்சிக்கு எடுத்த பொம்மை மாதிரி. அவரிடம் சம்மதம் கேட்டோம். "நாலு பேரு படிச்சுக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

அடையாளம் போடுவதை நான்தான் செய்வது வழக்கம். கட்டுரை எழுதிய திமிர். தாதிகளிடம் விடமாட்டேன். முந்தின நாள் பிற்பகல் விருந்தினர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தவர்கள் ஹோட்டலில் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் மையோடு வார்டுக்குப் போனேன். புது டை கட்டியிருந்தேன்.

குடலைக் கழுவும் மருந்து கொடுத்திருந்தார்கள். அது மணிக்கணக்கில் ஓடவைக்கும். கழிவறைக்குப் போகும்முன்பே அந்த அம்மாவுக்குப் படுக்கையில் போய்விட்டிருக்கிறது. தாதி துணி எடுத்துவரப் போயிருந்தாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. பக்கத்துப் படுக்கைப் பெண் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். உள்ளே அவர் தனக்குத்தானே "ஐயோ, ஐயோ" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரையை விலக்க வேண்டும். சுத்தம் செய்யும்வரை நிற்க வேண்டும். பிறகு சேலை கட்டச் சொல்லி, உட்காரச் சொல்லி, வடைச் சட்டிக்குக் குனிவதுபோல் குனியச் சொல்லிப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம். முப்பது வருடம் அதே நாற்றத்தில் உழன்றவன் நான். எனக்குக் குமட்டியது. புது டையில் அந்த வாடை ஏறிவிடும் என்று நினைத்தேன். நினைத்தது அதுதான், வேறு ஒன்றும் இல்லை. திரும்பி நடந்தேன்.

மின்தூக்கி அருகே துணிகளோடு வந்த தாதி, "புரோஃப், மார்க் பண்ணிட்டீங்களா?" என்றாள்.

"பண்ணியாச்சு," என்றேன்.

மறுநாள் அறுவை மேசையில் துணியை விலக்கி வயிற்றைத் துடைத்தபோது மை இல்லை. வார்டிலிருந்து அவரை அழைத்து வந்த அதே தாதி அங்கே இருந்தாள். என்னைப் பார்த்தாள். "மருந்து தடவினதுல அழிஞ்சிருக்கும்," என்றேன். அழியாத மையால் போட்டு மேலே படலம் ஒட்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அவள் கண்ணை இறக்கிக்கொண்டாள்.

உள் வேலை அருமையாகப் போயிற்று. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மண்டபத்தில் கைதட்டியது ஒலிபெருக்கி வழியாகக் கேட்டது. கட்டி வெளியே வந்ததும் திரையை அணைத்துவிட்டார்கள். ஸ்டோமா தைப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். அது சாக்கு மூட்டையின் வாய் தைப்பது மாதிரி. எல்லோரும் மதிய உணவுக்கு எழுந்துவிட்டார்கள்.

விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தழும்பு தெரிந்தது. பழுப்பு மருந்துக்கு அடியில் கறுப்பாக, இடுப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, யாரோ கோடு போட்டு வைத்த மாதிரி. உலகத்திலேயே அதைப் பற்றி எழுதியவன் நான். படுத்திருக்கும் வயிற்றில் குடல் எளிதாக எட்டிய இடம் சரியாக அந்தக் கோட்டின்மீதேதான் இருந்தது. அதைத் தாண்டி மேலே கொண்டுபோக வேண்டுமென்றால் குடலை இன்னும் கொஞ்சம் விடுவிக்க வேண்டும். கால் மணி நேரம் ஆகும். கீழே விருந்தில் ரெண்டாங் கறி ஆறிக்கொண்டிருந்தது.

கோட்டின்மேலேயே வைத்தேன்.

அந்த மதியம் விருந்தினர்களோடு உட்கார்ந்து மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் எச்சில் கசக்கிறது.

பிறகு நடந்தது எதுவும் எனக்குப் புதிதில்லை, நானே எழுதியதுதான். நாடா பையின் விளிம்பை நெம்பியது. உட்கார்ந்தால் மடிப்பு விழுந்து பசை பிரிந்தது. கசிந்தது. தோல் வெந்தது. வெந்த தோலில் பசை ஒட்டவில்லை. அவர் கிளினிக்குக்கு வந்தபோது சேலைக்குமேல் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, எனக்கு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்தார்.

"நாடா கட்டுற எடத்துலயே இருக்கு டாக்டர்."

"இனிமே சேலை வேண்டாம்மா. நைட்டி போட்டுக்கங்க."

அவர் துண்டை இழுத்து இன்னொரு சுற்று சுற்றினார். பிறகு, "நைட்டியோட கடையில நின்னா வடை வாங்க வர்றவன் என்ன கேப்பான் தெரியுமா, டாக்டர்?" என்றார். அதில் சிரிப்பு இருந்தது. முன்பு கேட்ட சிரிப்பு இல்லை.

பை பார்க்கும் தாதி என்னிடம் தனியாக, இடத்தை மாற்றித் தைத்துவிடலாமே என்றாள். மாற்றினால் முதலில் ஏன் அங்கே வைத்தீர்கள் என்று யாராவது கேட்பார்கள். "பார்ப்போம்," என்றேன். ஒவ்வொரு முறையும் அதையே சொன்னேன். புற்று திரும்ப வரவில்லை. எங்கள் துறையின் நல்ல முடிவுகளில் அவரையும் சேர்த்து மாநாடுகளில் காட்டினேன். கடைசி வருகையில் "நீங்க குணமாயிட்டீங்க, இனி வர வேண்டாம்" என்று கை குலுக்கினேன். அவர் தன் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் நீட்டினார்.

ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு கிளேபாங் பக்கம் குடிவந்தேன். மாலையில் கடலோரம் நடப்பேன். அந்தக் கூடாரம் இருந்த இடத்தில் ஒருவர் இளநீர்ப் பானம் விற்றார். அதைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன், கேட்கவில்லை.

ஒருநாள் மருந்துக்கடையில் இரத்த அழுத்த மாத்திரை வாங்க நின்றேன். முன்னால் நின்ற பெண் பையும் பசையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் ஒரு மாதத்தில் பயன்படுத்துவதைப்போல் இரண்டு மடங்கு. திரும்பியபோது அடையாளம் தெரிந்தது. அந்த அம்மாவின் மகள்.

"டாக்டர். பசியாறிட்டீங்களா?" என்றாள், மரியாதைக்கு.

அம்மா எப்படி என்றேன்.

"உசுரோட இருக்காங்க."

"கடை?"

"அதெல்லாம் ஆஸ்பத்திரியிலேருந்து வந்த கொஞ்ச நாள்லயே மூடிட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. ஒரு ஆளு மொகம் சுளிக்கல. அவங்களே மூடிட்டாங்க." பையை மடித்துக்கொண்டே சொன்னாள். "என் கல்யாணத்துக்கு மண்டபம் வரைக்கும் வந்தாங்க டாக்டர். உள்ள வரல. காடிக்குள்ளயே கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. தாலி கட்டுனதை எங்க மாமா போன்ல வீடியோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினாரு. உங்களைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை தப்பாப் பேச மாட்டாங்க. உசுரக் குடுத்த டாக்டருன்னுதான் சொல்லுவாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் வழக்கம்போல் இருந்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கா பத்துவில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, மின்விசிறிகள் எல்லாம் ஓடின, மூன்று ஊதுவத்தி எரிந்தது. அதற்கு அடியில் அந்த வாடை இருந்தது. என் மூக்கு அதைக் கண்டுபிடித்துச் சுருங்கியது. என்மேல் எனக்கு வந்த அருவருப்பில் வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிட்டேன். அவர் நைட்டியில், கதவோரத்தில் தனியாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.

காபி வந்தது. குடிக்கும்முன்பே சொன்னேன். அடையாளம் போடவே இல்லை. தாதியிடம் பொய் சொன்னேன். தழும்பைப் பார்த்துக்கொண்டே அதன்மேல் வைத்தேன். மாற்றித் தைத்திருக்கலாம், மானத்துக்குப் பயந்து செய்யவில்லை. புகார் கொடுத்தால் நானே வந்து உண்மையைச் சொல்வேன்.

மகள் எழுந்து நின்றுவிட்டாள். "நைட்டி போடச் சொன்னீங்களே," என்றாள். அதையே இரண்டு முறை சொன்னாள்.

அந்த அம்மா மகளை உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

"தெரியும் டாக்டர்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு நீங்க வந்தது. திரைக்குக் கீழ உங்க கால் சப்பாத்தைப் பாத்தேன். பளபளன்னு இருந்திச்சு. வந்தீங்க, நின்னீங்க, போயிட்டீங்க."

நான் காபிக் கோப்பையைத் தரையில் வைத்தேன்.

"நீங்க போனது தப்புன்னு எனக்குத் தோணல. வெக்கமாப் போச்சு. இதுக்குன்னே படிச்ச டாக்டரு. இதுலயே கைய வுட்டு வேலை பாக்குறவரு. அவராலயே என் நாத்தம் தாங்க முடியலன்னா, காசு குடுத்து வடை வாங்குறவன் எப்படித் தாங்குவான்? அதான் யாரும் சொல்றதுக்கு முந்தியே நானே மூடிட்டேன்."

கசிவினால் கடை மூடியது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கசிவைப் பற்றி நான் எழுதித் தள்ளியிருக்கிறேன். திரைக்கு அடியில் தெரிந்த ஒரு ஜோடி சப்பாத்தைப் பற்றி எங்கும் எழுதவில்லை.

இடத்தை மாற்றித் தைக்கலாம் என்று சொன்னேன். எனக்கு வயதாகிவிட்டது, இனி கத்தி பிடிக்க முடியாது. என்னிடம் படித்த ஒரு மலாய்ப் பெண் இப்போது துறைத் தலைவர், என்னைவிட நல்ல கை, அவர் செய்வார் என்றேன். மகள் வேண்டாம் என்றாள். "இன்னொரு தடவை உங்க ஆளுங்க கையில குடுக்க மாட்டேன்." அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"அடையாளம் யாரு போடுவா?"

"நீங்க விட்டா, நான் போடுறேன்."

"சேலையக் கட்டிக்கிட்டு வரேன், இருங்க," என்றார்.

"இப்பவா? அறுவைக்கு முந்தின நாள்தான்..."

"நீங்க இருக்கும்போதே போட்டுப் பாத்துக்கறேன். அப்புறம் நீங்க வரீங்களோ இல்லியோ."

முந்தின நாள் கட்டாயம் வந்து போடுவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அறுவைக்கு முந்தின நாள் போனேன். அதே வார்டு, வேறு திரை. மறுபடியும் அந்தக் கழுவும் மருந்து, மறுபடியும் அதே நாற்றம். இந்த முறை தாதியோடு சேர்ந்து துணி மாற்றினேன். குமட்டியது. குமட்டினாலும் நின்றேன், அவ்வளவுதான். பிறகு அவர் சேலை கட்டினார். நாடா எங்கே இறுகுகிறது என்று பார்த்தேன். முக்காலியில் உட்காரச் சொன்னேன். அவரே கையில் இல்லாத கரண்டியைப் பிடித்து, இல்லாத சட்டியில் வடையைத் திருப்பிப்போட்டுக் காட்டினார். "எண்ண தெறிச்சா இப்படிப் பின்னால சாய்வேன், அதையும் பாத்துக்கங்க." பார்த்தேன். நாடாவுக்கு நான்கு விரல் மேலே, மடிப்பில்லாத, அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் குறித்தேன். மேலே படலம் ஒட்டினேன். அவர் குனிந்து அந்தப் புள்ளியையே பார்த்தார்.

"இவ்ளோதானா?" என்றார்.

"இவ்வளவுதாம்மா."

அறுவை நன்றாக முடிந்தது. கசிவு நின்றது. தோல் ஆறியது.

துறைத் தலைவரிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை பாடக் கூட்டத்தில் இளம் மருத்துவர்கள் முன்னால் நானே அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். சொன்னேன். மூக்கைப் பற்றியும், புது டையைப் பற்றியும், மூன்று முறை போட்டுக்கொண்ட சோற்றைப் பற்றியும் விடாமல் சொன்னேன். முடிந்ததும் கைதட்டினார்கள். எனக்குச் சீ என்று போயிற்று. ஒரு பையன் வந்து, "உங்க மாதிரி பணிவு யாருக்கும் வராது, புரோஃப்" என்று என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான். அவன்மேல் தப்பில்லை. நான் சொன்ன விதத்திலும் ஏதோ மேடை வாடை இருந்திருக்க வேண்டும். அதன்பிறகு எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை.

மகள் புகார் கொடுக்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

சில மாதம் கழித்து, தங்கா பத்து சந்திக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம் முளைத்திருந்தது. சட்டிக்குப் பின்னால் அந்த அம்மா, பச்சைச் சேலையில். மகள் பொட்டலம் மடித்தாள். தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், மோட்டார் சைக்கிள்காரர்கள், ஒரு மலாய்க் குடும்பம் என்று எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். "அம்மா, காரமா ஒரு சட்னி வைக்க மாட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான். "உம் பொண்டாட்டிகிட்ட கேளு, அவ வைப்பா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வரிசையின் கடைசியில் நின்றேன். எண்ணெயும் வெங்காயமும் கறிவேப்பிலையும் தவிர வேறு எந்த வாடையும் இல்லை. மோந்து பார்த்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

என் முறை வந்தது. அவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். பொட்டலம் போடாமல், சட்டியிலிருந்து எடுத்து வடித்த ஒரு வடையைத் தன் கையாலேயே எடுத்து, "சூடா இருக்கு டாக்டர், இந்தாங்க" என்று நீட்டினார்.

என் கை போக வேண்டும். போயிற்று. ஆனால் போகும்முன் ஒரு நொடி, கண் சிமிட்டும் நேரம், நின்றது. அந்த விரல்கள் காலையில் எதைக் கழற்றி எதை ஒட்டியிருக்கும் என்று என் தலைக்குள் ஓடிவிட்டது. எனக்குத் தெரியாததா, அவர் கழுவிய கை என் கையைவிடச் சுத்தம் என்று? அந்த நொடியில் தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அவர் அதைப் பார்த்துவிட்டார். சப்பாத்தைப் பார்த்தவருக்கு இது தெரியாமல் போகுமா?

"கை கழுவிட்டுத்தான் சுட்டேன், டாக்டர்," என்றார். குரலை உயர்த்தவில்லை. பின்னால் யாருக்கும் கேட்டிருக்காது.

வாங்கி அங்கேயே நின்று தின்றேன். நாக்கு வெந்தது. இன்னொன்று கேட்டேன். மகள் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தாள்.

இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். அவர் நன்றாகத்தான் பேசுகிறார். மழை, விலைவாசி, என் இரத்த அழுத்தம். வியாபாரம் நன்றாக ஓடுகிறது. மற்றவர்களுக்கு வடித்த வடையைத் தன் கையாலேயே எடுத்து ருசி பார்க்கக் கொடுக்கிறார். எனக்கான வடையைக் கிடுக்கியால் எடுத்து, தாளில் வைத்து, மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறார். நான் எடுத்துக்கொள்கிறேன்.